மறுபடி வருமா? கட்டியின் டி.என்.ஏ. தரும் துப்பு

சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை எடுத்தாயிற்று. தையல் பிரித்தாயிற்று. பேத்தாலஜி ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. கட்டி எத்தனை சென்டிமீட்டர், எந்த ரகம், எந்த கிரேடு, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று எல்லாமே அதில் இருக்கின்றன. மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்க நினைக்கும் ஒன்றுக்குத்தான் அதில் விடை இல்லை. 'மறுபடி வருமா, டாக்டர்?'

சிறுநீரகப் புற்றுநோயில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மிகக் கடினம். 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 4.3 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்தார்கள். சிலருக்குக் கட்டியை எடுத்ததோடு நோய் தீர்ந்துவிடுகிறது. சிலருக்கு ஆறே மாதத்தில் நுரையீரலில் புள்ளிகள் தெரிகின்றன. இன்னும் சிலருக்குப் பத்து ஆண்டுகள் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டு, பிறகு எலும்பிலோ கணையத்திலோ தைராய்டிலோ தலைகாட்டுகிறது. அறுவைசிகிச்சை நாளில் இந்த மூவரின் ஸ்கேன் படங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்திருக்கக்கூடும்.

வேறுபாடு கட்டியின் செல்களுக்குள் இருக்கிறது. அந்த செல்களில் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது, இருக்கவேண்டியதில் எது குறைந்திருக்கிறது, எது கூடியிருக்கிறது என்று அளந்து பார்த்தால், கட்டி இனி என்ன செய்யும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லமுடியும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பரவலாகப் பேசப்பட்டு, இடையில் ஓரங்கட்டப்பட்டு, இப்போது முன்னைவிட வலுவான சான்றுகளோடு திரும்பியிருக்கும் யோசனை இது.

கையில் இருக்கும் அளவுகோல்கள்

இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்குகள் மோசமானவை அல்ல. செல்லின் உட்கரு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கோணலாக இருக்கிறது என்பதை வைத்து நான்கு கிரேடுகளாகப் பிரிக்கும் முறையை சூசன் ஃபர்மனும் அவருடைய சகாக்களும் 1982-ல் வெளியிட்டார்கள். திருத்தப்பட்ட வடிவில் அதன் வழித்தோன்றல் இன்றும் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து லைபோவிச் மதிப்பெண் வந்தது. கட்டியின் ஸ்டேஜ், நிணநீர் முடிச்சு, அளவு, கிரேடு, கட்டிக்குள் செத்துப்போன திசு உண்டா என்ற ஐந்தையும் கூட்டி, நோய் பரவும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது அது.

இவற்றில் பெரும்பாலானவை கட்டி எதுவரை வந்துவிட்டது என்பதையே சொல்கின்றன. எதுவரை போகக்கூடியது என்பதை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நான்கு சென்டிமீட்டரில் சிக்கிய ஒரு கட்டி, மெதுவாக வளர்ந்து அந்த அளவை எட்டியதா, வேகமாக வளரும் வழியில் அகப்பட்டதா என்பதை அளவுநாடா சொல்லாது.

நல்ல மருந்து இல்லாத காலத்தில் இந்த ஊகம் போதுமானதாக இருந்தது. தெரிந்தாலும் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இப்போது நிலைமை வேறு. அறுவைசிகிச்சைக்குப் பிறகு, நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஏறக்குறைய ஓராண்டுக்குக் கொடுக்கும் சிகிச்சைக்கு 2021 நவம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. 994 பேர் பங்கேற்ற கீநோட்-564 சோதனையின் நீண்டகால முடிவு 2024-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 91.2 சதவீதத்தினர் நான்காம் ஆண்டு முடிவில் உயிரோடிருந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களில் அப்படி இருந்தவர்கள் 86 சதவீதம்.

சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாகக் காத்திருந்து கிடைத்த வெற்றி இது. குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் இந்த எண்களைத் திருப்பியும் படிக்கவேண்டும். மருந்தே இல்லாமல் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நான்காண்டுகளில் நோய் திரும்பவில்லை. மருந்து வாங்கியும் சிலருக்குத் திரும்பியது. இந்த மருந்து தைராய்டையோ அட்ரினல் சுரப்பியையோ நிரந்தரமாகப் பழுதாக்கி, ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை போடவைக்கக்கூடும்; குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். விலையோ நடுத்தரக் குடும்பத்தை உருக்குலைக்கும். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாததால், தேவைப்படாதவரும் அந்தச் சுமையைத் தூக்குகிறார். தேவைப்படுகிறவர் சில நேரம் கணக்கில் 'ஆபத்து குறைவு' என்ற பெட்டிக்குள் விழுந்து மருந்தை இழக்கிறார். முன்கணிப்பு இன்று சிகிச்சையையே தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது.

செல்லை எடைபோட்டவர்கள்

மனித உடலின் இயல்பான ஒரு செல்லில் 46 குரோமோசோம்கள்; அவற்றில் இருக்கும் டி.என்.ஏ.வின் எடை சுமார் 6.5 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். செல் இரண்டாகப் பிரியும்போது இந்த டி.என்.ஏ. சரிசமமாகப் பங்கிடப்படவேண்டும். புற்றுநோய் செல்கள் இந்தப் பங்கீட்டில் தவறுகின்றன என்பதை ஜெர்மானிய நோயியல் அறிஞர் டேவிட் ஃபான் ஹான்ஸமன் 1890-லேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார். கடல் முள்ளெலிகளின் முட்டைகளை வைத்து ஆராய்ந்த தியோடர் போவேரி, குரோமோசோம்கள் தப்பான எண்ணிக்கையில் போய்ச் சேர்வதே புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று 1914-ல் ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். தாம் எவ்வளவு தூரம் சரியாகப் பார்த்திருந்தார் என்பதை அறிய அவருக்கு வாய்க்கவில்லை.

பார்ப்பது ஒன்று, அளப்பது வேறொன்று. 1924-ல் ராபர்ட் ஃபாய்ல்கன் டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். 1930-களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டோர்ப்யோர்ன் காஸ்பர்சன், செல் எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்பதை வைத்து உட்கருவின் பொருட்களை அளந்தார். 1960-களில் ஃப்ளோ சைட்டோமெட்ரி வந்தபோது வேகம் கூடியது. கட்டியின் திசுவை நுணுக்கி, உட்கருக்களைத் தனித்தனியாக விடுவித்து, டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை ஏற்றி, லேசர் கதிரின் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். எந்த உட்கரு எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு டி.என்.ஏ. அதில் இருக்கிறது. நிமிடங்களில் ஆயிரக்கணக்கான செல்களின் கணக்கு கிடைத்துவிடும். இயல்பான அளவு இருந்தால் டிப்ளாய்டு; மாறுபட்டால் அன்யூப்ளாய்டு.

1983-ல் டேவிட் ஹெட்லியும் சகாக்களும், மெழுகில் பதித்து அலமாரியில் வைத்திருக்கும் பழைய திசுக்களிலும் இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, பிழைத்தாரா இறந்தாரா என்பது தெரிந்துவிட்ட நோயாளிகளின் கட்டிகளை எடுத்து அளக்க வழி பிறந்தது. வடக்கு ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் பேர்யே லுங்பெரியும் அவரது குழுவும் 1980-களில் சிறுநீரகக் கட்டிகளை இம்முறையில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். டிப்ளாய்டு கட்டி உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். கூடவே தொந்தரவான இன்னொன்றும் தெரிந்தது. ஒரே கட்டியின் ஒரு மூலையில் எடுத்த துண்டு டிப்ளாய்டு, மறு மூலையில் எடுத்தது அன்யூப்ளாய்டு!

அந்த ஒரு கண்டுபிடிப்பை எல்லோரும் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தால் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உலகின் பல ஆய்வகங்கள் ஒரு கட்டிக்கு ஒரு துண்டு என்று அளந்து, ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை வெளியிட்டன. கட்டிக்குள் நிறைந்திருக்கும் இயல்பான நோயெதிர்ப்பு செல்கள் கணக்கைக் கலங்கடித்தன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் செய்முறையும் மாறியது. மார்பக, பெருங்குடல் புற்றுநோய்களில் இந்த அளவீட்டை வழக்கமாகச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 1996-ல் சொன்னது. சிறுநீரகத்திலும் ஆர்வம் வடிந்தது.

இந்த முறைக்கு இன்னோர் அடிப்படையான போதாமையும் இருந்தது. மூட்டையை எடைபோட்டால் மொத்தக் கனம் தெரியும். உள்ளே எந்தச் சாமான் குறைகிறது என்று தெரியாது. சிறுநீரகப் புற்றுநோயில் மிக முக்கியமான இழப்பு, மொத்தக் கனத்தை அசைக்கவே அசைக்காத ஒன்று.

பதின்வயதில் தொடங்கும் இழப்பு

சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, கிளியர் செல் எனப்படும் ரகம். 1979-ல் பாஸ்டனில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்த மருத்துவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தவர்களிடம் மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை உடைந்து எட்டாம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அந்தக் குட்டைக் கையில்தான் வி.எச்.எல். மரபணு இருக்கிறது என்பது 1993-ல் உறுதியானது. கண்ணிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயை விவரித்த ஃபான் ஹிப்பெல், லிண்டாவ் என்ற இருவரின் பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். செல் ஆக்சிஜனை உணரும் விதத்தில் வி.எச்.எல்.லின் பங்கைத் துலக்கியதற்காக வில்லியம் கேலினுக்கு 2019 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வி.எச்.எல். போய்விட்டால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் செல் மூச்சுத்திணறுவதாக எண்ணிக்கொண்டு புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறது.

பல ஆய்வகங்கள் கூடி 2013-ல் வெளியிட்ட மரபணுத் தொகுப்பு ஆய்வில், கிளியர் செல் கட்டிகளில் 91 சதவீதம் இந்தக் குட்டைக் கையை இழந்திருந்தன. இழப்பின் அளவோ சுமார் 9 கோடி எழுத்துகள். ஒரு செல்லில் 600 கோடிக்கும் மேல் எழுத்துகள் இருப்பதால், மொத்த டி.என்.ஏ.வில் இது ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான் வருகிறது. பழைய லேசர் அளவீட்டின் பிழை வரம்புக்குள் இது மறைந்துபோகும். கருவி 'டிப்ளாய்டு' என்று சொன்ன கட்டிகளில் பெரும்பாலானவை உண்மையில் இந்த முதல் அடியை எடுத்துவைத்தவைதான், அதோடு நின்றுவிட்டவை. கருவி 'அன்யூப்ளாய்டு' என்றவை, அதற்குப் பிறகு குரோமோசோம்களை வாரியிறைத்தவை. ஊமியோவில் அளந்தபோது டிப்ளாய்டு நோயாளிகள் ஏன் நன்றாக இருந்தார்கள் என்பதற்கு இப்போது காரணம் புரிகிறது.

முதல் அடி எப்போது விழுந்தது என்பதுதான் இன்னும் வியப்பு. பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் கேம்பெல் உள்ளிட்ட குழு 2018-ல் கட்டிகளின் மரபணு மாற்றங்களைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தது. மூன்றாம் குரோமோசோமின் இழப்பு பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ பதின்வயதிலோ நடந்திருக்கிறது. சில நூறு செல்கள் மட்டுமே அந்தக் குறையோடு சிறுநீரகத்தின் ஓரத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அறுபது வயதில் ஸ்கேனில் தெரியும் கட்டிக்கு வித்து பள்ளிக்கூட நாட்களில் விழுந்தது.

நூறு பேரின் கட்டிகள்

2012-ல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டனின் குழு, சிறுநீரகக் கட்டிகளைப் பல இடங்களில் துண்டெடுத்து மரபணு வாசித்து வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. ஒரு கட்டியில் கண்ட மரபணு மாற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, கட்டியின் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை. முழுமையாக ஆராய்ந்த நான்கு கட்டிகளில் இரண்டில் டி.என்.ஏ.வின் மொத்த அளவே இடத்துக்கு இடம் மாறியது. ஊமியோவில் 1980-களில் கண்டது, நவீனக் கருவிகளின் கையெழுத்தோடு மறுபடி வந்தது.

அதன் தொடர்ச்சிதான் ட்ரேசர்எக்ஸ் ரீனல் என்ற ஆய்வு. சம்ரா துராய்லிச் தலைமையில், ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் ஃப்ரான்சிஸ் கிரிக் நிறுவனமும் சேர்ந்து 101 நோயாளிகளின் கட்டிகளை 1,206 இடங்களில் துண்டெடுத்து ஆராய்ந்தன. 2018-ல் வந்த அதன் முடிவுகளே இந்தத் துறையின் பேச்சை மாற்றின.

அவர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். குரோமோசோம்கள் மொத்தத்தில் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பது ஒன்று. கட்டியின் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு என்பது இன்னொன்று. இரண்டையும் இணைத்தபோது நோயின் போக்கு பிரிந்து தெரிந்தது. குலைவும் குறைவு, வேறுபாடும் குறைவு என்றால் அவை வி.எச்.எல். இழப்போடு நின்றுவிட்ட, மந்தமான கட்டிகள். இடத்துக்கு இடம் வேறுபாடு அதிகமிருந்து, குலைவு குறைவாக இருந்தால் நோய் மெல்லப் பரவுகிறது. பரவினாலும் முதலில் ஓரிரு இடங்களோடு நிற்கிறது. குலைவு மிக அதிகம், ஆனால் கட்டி முழுக்க ஒரே மாதிரி என்றால்தான் பயப்படவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு செல் பெரிய அளவில் குரோமோசோம்களைக் குலைத்துக்கொண்டு, பரவுவதற்கான எல்லா வல்லமையும் பெற்று, மற்ற செல்களை ஓரங்கட்டிவிட்டது என்பது அதன் பொருள். அத்தகைய நோய் பல உறுப்புகளுக்கு ஒரே மூச்சில் போகிறது.

மேலே சொன்ன இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலான இந்தப் பிரிவுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. அறுவைசிகிச்சை நிபுணர் தினந்தோறும் எதிர்கொள்ளும் முடிவைத் தொடுகிறது அது. நுரையீரலில் ஒரே ஒரு புள்ளியாகப் பரவியிருக்கிறது, அதை வெட்டியெடுக்கலாமா? மெல்லப் பரவும் வகை என்றால் எடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே மூச்சில் பரவும் வகை என்றால் தையல் ஆறுவதற்குள் வேறிடங்களில் தெரிந்துவிடலாம். பரவிய நோயில் முதல் கட்டியுள்ள சிறுநீரகத்தை எடுப்பது எல்லோருக்கும் பயன் தருவதில்லை என்று பிரான்சில் நடந்த கார்மேனா சோதனை 2018-ல் காட்டியது. யாருக்குப் பயன் தரும் என்று பிரிக்க, குரோமோசோம் குலைவு ஒரு வழியாக இருக்கலாம்.

எந்தக் குரோமோசோம் என்பதும் முக்கியம். முதல் கட்டியையும் பரவிய கட்டிகளையும் ஒப்பிட்டபோது, பரவியவற்றில் ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கையும் பதினான்காம் குரோமோசோமின் நீளக் கையும் இழக்கப்பட்டிருப்பது அடிக்கடி தெரிந்தது. ஒன்பதில் இருக்கும் சி.டி.கே.என்.2ஏ, செல் பிரிவதற்குக் கடிவாளம் போடும் மரபணு. அதுவும் போனபின் செல்லைத் தடுக்க ஆளில்லை. இந்த வல்லமை பெற்ற செல் கூட்டங்கள், ஆக்சிஜன் பற்றாக்குறை நிலவும் கட்டியின் நடுப்பகுதியில் அதிகம் உருவாகின்றன என்று அதே குழு 2021-ல் கண்டது. ஓரத்தில் மட்டும் துண்டெடுத்தால் அவை சிக்காமல் போகக்கூடும்.

குலைந்த குரோமோசோம்கள் ஏன் பரவத் தூண்டுகின்றன என்பதற்கும் ஒரு விளக்கம் உருவாகிவருகிறது. பங்கீடு தவறும்போது டி.என்.ஏ. துணுக்குகள் உட்கருவுக்கு வெளியே சிந்துகின்றன. வைரஸ் நுழைந்துவிட்டதாக செல் எண்ணிக்கொண்டு எச்சரிக்கை மணி அடிக்கிறது. அந்த ஓயாத எச்சரிக்கைக்குப் பழகிய புற்றுநோய் செல், நோயெதிர்ப்பு செல்களைப்போல இடம்பெயரக் கற்றுக்கொள்கிறது என்று சாமுவேல் பாகூமும் சகாக்களும் 2018-ல் பிற புற்றுநோய்களில் காட்டினார்கள்.

இத்தனைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள். குரோமோஃபோப் என்ற ரகச் சிறுநீரகக் கட்டியில் 1, 2, 6, 10, 13, 17 ஆகிய குரோமோசோம்களில் பலவற்றில் ஒரு பிரதி முழுசாகக் காணாமல் போயிருக்கும். டி.என்.ஏ. அளவில் இது மிகப் பெரிய குலைவு. ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் அறுவைசிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார்கள். ஆகவே ரகம் எது என்று தெரியாமல் டி.என்.ஏ. எண்ணை மட்டும் பார்த்து யாரும் கலங்கக் கூடாது.

ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவே

இன்றைக்கு எந்தக் கருவியால் அளப்பது என்பது பெரிய சிக்கல் இல்லை. மரபணுவை ஆழமாக வாசிக்காமல் மேலோட்டமாக ஒருமுறை வாசித்தாலே, எந்தக் குரோமோசோம் துண்டு குறைகிறது, எது கூடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். முழு வாசிப்பைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. மெழுகில் பதித்த பழைய திசுவும் போதும்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வை அளந்து இதையெல்லாம் ஊசிக்குத்தோடு முடித்துவிடலாமே என்று கேட்பார்கள். மற்றப் பல புற்றுநோய்களில் அது பலன் தருகிறது. சிறுநீரகப் புற்றுநோய் இதில் பிடிவாதமானது. ரத்தம் இவ்வளவு பாயும் உறுப்பாக இருந்தும், கட்டியிலிருந்து ரத்தத்தில் சேரும் டி.என்.ஏ. மிகக் குறைவு. திசுவைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

திசு என்றதும் பழைய சிக்கல் திரும்புகிறது. எத்தனை இடங்களில் எடுப்பது? வழக்கமான பேத்தாலஜியில் பெரிய கட்டியிலிருந்து சில துண்டுகளே பதிக்கப்படுகின்றன. சிறிய கட்டியை வெட்டாமல் கண்காணிப்பில் வைத்திருப்பவருக்கோ ஊசி பயாப்ஸியில் வரும் நூலிழைத் திசுதான் கிடைக்கும். அதில் ஒன்பதாம் குரோமோசோம் இழப்பு தெரிந்தால் அந்தத் தகவல் மதிப்புள்ளது. தெரியாவிட்டால் இல்லை என்று நிம்மதியடைய முடியாது.

ட்ரேசர்எக்ஸ் நூறு சொச்சம் பேரின் கட்டிகளை அபாரமான ஆழத்தில் படித்தது. ஆழம் இருக்கிறது, அகலம் போதாது. வேறு நாடுகளில், வேறு மருத்துவமனைகளில், ஆயிரக்கணக்கானோரிடம் இது நிலைக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதனால்தான் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் எந்த மூலக்கூறு அளவீட்டையும் வழக்கமான முன்கணிப்புக்கு இதுவரை பரிந்துரைக்கவில்லை. அந்த வழிகாட்டிக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஊமியோவில் டி.என்.ஏ. அளந்த அதே பேர்யே லுங்பெரி. தாம் தொடங்கிவைத்த யோசனையாக இருந்தாலும் ஆதாரம் முதிராமல் நோயாளியின் தலையில் ஏற்றக் கூடாது என்ற அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் கண்டிப்பு காத்திருப்பாக நீண்டுவிடக் கூடாது. கீநோட்-564-ல் பங்கேற்றவர்கள் தங்கள் கட்டித் திசுவையும் ஆய்வுக்குத் தந்திருக்கிறார்கள். அதே போன்ற வேறு சில மருந்துகளின் சோதனைகள், அட்டெசோலிசுமாப் சோதனை உட்பட, பலன் காட்டாமல் முடிந்தன. அவற்றிலும் நோயாளிகளின் திசு இருக்கிறது, முடிவுகளும் இருக்கின்றன. குரோமோசோம் குலைவு அதிகமுள்ளவர்களுக்கு மருந்து கூடுதலாக உதவியதா, குலைவு குறைந்தவர்கள் மருந்தில்லாமலும் நன்றாக இருந்தார்களா என்று எல்லாச் சோதனைகளின் திசுக்களிலும் ஒரே முறையில் அளந்து, முடிவுகளைப் பொதுவில் வைக்கவேண்டும். இந்த வேலையை மருந்து நிறுவனங்களின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. மருந்து யாருக்குத் தேவையில்லை என்பதைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஆதாயம் குறைவு.

அறுவைசிகிச்சை முடிந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெட்டியெடுத்த கட்டியின் துண்டுகள் மெழுகுக் கட்டிகளாக மருத்துவமனையில் இருக்கும்; பேத்தாலஜி பிரிவில் பிளாக் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அவை எத்தனை காலம் வைத்திருக்கப்படும், கட்டியின் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை, நடுப்பகுதியிலிருந்து எடுத்த துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவமனை மாறினால் ரிப்போர்ட் நகலோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைத்தால் அந்த மெழுகுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் பல ஆண்டுகள் கழித்தும் வாசிக்க முடியும்.